பிளைட்டி: ஒரு பழைய பிரிட்டிஷ் கொச்சைச் சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி

நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. போனவர்களிடம் கேட்டால் ஒரே மாதிரி சொல்வார்கள்: தேர்வுக்குப் படித்த இங்கிலீஷ் வேறு, அங்கே வார்டில் படுத்திருக்கும் எண்பது தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் பேசுகிற இங்கிலீஷ் வேறு. ஒருவர் 'சார்' கேட்பார், அது டீ. இன்னொருவர் பக்கத்துக் கட்டில்காரருக்கு 'டூலாலி' என்பார். மூன்றாமவர் தன் பட்டாளத்துக் கதையை 'பிளைட்டி'க்குத் திரும்பியதில் இருந்து ஆரம்பிப்பார். என் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மாமா, பிளைட்டின்னா என்ன? தேடிப் பாத்தா இங்கிலாந்துன்னு மட்டும் வருது. இங்கிலாந்தை ஏன் அப்படிச் சொல்லணும்?"

அந்த 'ஏன்' நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடுகிற வழி ஒன்று இருக்கிறது, எந்தப் பழைய கொச்சைச் சொல்லுக்கும் அது பொருந்தும், வீட்டில் ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம். பிளைட்டியையே எடுத்துக்கொண்டு போகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் வேர் நம்ம பக்கத்து ஆட்களுக்குத்தான் சீக்கிரம் புரியும். லண்டன்காரருக்கு அகராதி பார்த்தால்தான் தெரிகிற விஷயம் நம் வீட்டு வேலியிலேயே நிற்கிறது. அது பின்னால் வரும்.

முதலில் சொல்லைத் தனியாகப் பிடுங்கி எடுக்காதீர்கள். கேட்ட வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். யார் சொன்னார், அவருக்கு என்ன வயது, எந்த ஊர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவரா, எதைப் பற்றிப் பேசும்போது வந்தது, எல்லாம் வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பின்னால் எல்லாம் கோணலாகும், ஏனென்றால் கொச்சைச் சொல் ஒன்றுக்கு ஒரு பொருள் மட்டும் இருப்பது அபூர்வம். பிளைட்டிக்கே குறைந்தது இரண்டு உண்டு. ஒன்று, வெளிநாட்டில் கிடக்கிற பிரிட்டிஷ்காரர் தன் சொந்த நாட்டை ஆசையோடு சொல்வது. நம்ம ஆள் துபாயில் இருந்துகொண்டு 'ஊரு' என்று சொல்லும்போது அதில் என்ன ஏக்கம் இருக்கிறதோ அது. இரண்டாவது முதல் உலகப் போரின் அகழிகளில் பிறந்தது: ஆளைக் கொல்லாத, ஆனால் கப்பலேற்றி வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டிய அளவுக்குப் பலமான காயம். "அவனுக்கு ஒரு பிளைட்டி கிடைத்துவிட்டது" என்று பொறாமையோடு பேசிக்கொண்டார்கள். காயம் பட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் ஜெர்மானியரிடமும் இதே பொருளில் 'ஹைமாட்ஷுஸ்' என்று ஒரு சொல் இருந்தது, தாயகத்துக்கு அனுப்பும் குண்டடி என்று அர்த்தம். ஆக, ஒரு பெரியவர் தன் அப்பா 1917இல் பிளைட்டி வாங்கினார் என்று சொன்னால் அது நாடு அல்ல, காயம். வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் தேடினால் இது தவறிப் போகும்.

அடுத்து, ஓசையைக் கேட்டு உடனே முடிவுக்கு வராமல் இருப்பது. இங்கிலீஷில் 'பிளைட்' என்றால் பயிரைக் கருக்கும் நோய். மழையும் இருட்டுமாக இருக்கிற நாடு, அதனால் அந்தப் பெயர் என்று யாராவது விளக்கம் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நன்றாக இருக்கிற விளக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

இதில் மிகவும் பிரபலமான பொறி 'போஷ்' என்ற சொல். ஆடம்பரமான, உயர்மட்டத்து என்று பொருள். இந்தியாவுக்கு வரும் கப்பலில் போகும்போது இடது பக்க அறையும் திரும்பும்போது வலது பக்க அறையும் எடுத்தால் வெயில் படாது, பணக்காரர்கள் அப்படித்தான் டிக்கெட் எடுத்தார்கள், 'போர்ட் அவுட் ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற நான்கு சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து போஷ் ஆனது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. அதே சமயம் 1890 வாக்கிலேயே அச்சான ஸ்லாங் (கொச்சைச் சொல்) அகராதியில் போஷ் என்பதற்குப் பணம், பகட்டுக்காரன் என்ற பொருள்கள் இருக்கின்றன. கப்பல் கதை வெகு பின்னால் ஒட்டவைத்தது. இதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம்: இருபதாம் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சொல்லை முதலெழுத்துகளின் சேர்க்கை என்று யாராவது சொன்னால், ஆதாரம் கையில் வரும்வரை நம்பாதீர்கள். முதலெழுத்தைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் பரவியதே இரண்டு உலகப் போர்களின் காலத்தில்தான்.

சரி, ஊகத்தை ஒதுக்கியாயிற்று. இனி தேதி. ஒரு சொல் அச்சில் முதன்முதலாக எப்போது தலைகாட்டியது என்பதுதான் முதுகெலும்பு. ஒரு கதை 1850ஐச் சொல்கிறது, சொல் 1915இல்தான் கிடைக்கிறது என்றால், கதைக்குத் தனியாகச் சாட்சி வேண்டும். பழைய செய்தித்தாள்களைத் தேட ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். நியூசிலாந்துக்கு 'பேப்பர்ஸ் பாஸ்ட்' இருக்கிறது. பிரிட்டிஷ் சொல்லுக்கு ஆஸ்திரேலியப் பத்திரிகை எதற்கு என்றால், அந்த நாட்டுப் படைவீரர்களும் பிரிட்டிஷாரோடு ஒரே அகழியில் கிடந்தவர்கள், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை உள்ளூர்ப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. கொச்சைச் சொல்லைப் பிடிக்கக் கடிதத்தைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் புத்தகம் எழுதுகிறவர் பார்த்துப் பார்த்து எழுதுவார், அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிற பையன் வாயில் வந்ததை எழுதுவான்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை சில. கூகுள் புக்ஸில் ஒரு மாத இதழ் 1880 என்று தேதி காட்டும், திறந்து பார்த்தால் அந்த இதழ் தொடங்கிய வருடம் அதுவாக இருக்கும், நீங்கள் தேடுகிற பக்கம் 1923ஆக இருக்கும். அதனால் பக்கத்தின் படத்தையே பார்த்துத் தேதியை உறுதி செய்யாமல் எழுதி வைக்காதீர்கள். பழைய அச்சை எந்திரம் வாசிக்கும்போது 'நைட்டி', 'மைட்டி' எல்லாம் பிளைட்டியாக வந்து நிற்கும், அதையும் கண்ணால்தான் களைய வேண்டும். இப்படிச் சலித்துப் பார்த்தால் பிளைட்டி தாராளமாகக் கிடைக்கத் தொடங்குவது 1915, 1916 வாக்கில். 1916இல் படைவீரர்களுக்காக அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது, அதே வருடம் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்த மேடைப் பாட்டு ஒன்றும் நாடு முழுக்கப் பரவியது. ஒரு சொல் பாட்டுக்குள் ஏறிவிட்டது என்றால் அதற்கு முன்பே ஜனங்களின் வாயில் புழங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அதற்கு முன்னால் எங்கே இருந்தது?

இங்கேதான் அகராதி வருகிறது. எந்த அகராதி என்பது முக்கியம். பழைய திருடர் பாஷை, சந்தைப் பாஷை என்றால் ஃபிரான்சிஸ் குரோஸ் 1785இல் போட்ட அகராதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்றால் எரிக் பார்ட்ரிட்ஜ் 1937இல் போட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேதியும் மேற்கோளுமாக வேண்டும் என்றால் ஜோனதன் கிரீனின் ஸ்லாங் அகராதி, அது இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சொல்லில் இந்திய வாடை அடித்தால் நேராகப் போக வேண்டிய இடம் 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் சேர்த்தது, 1886இல் வந்தது, பிறகு வில்லியம் குரூக் திருத்தி 1903இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பர்னெல் சென்னை மாகாணத்து அதிகாரி, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், புத்தகம் அச்சாகி வருவதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதிகள் தளத்தில் இந்தப் புத்தகம் முழுதும் இருக்கிறது. அதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், வின்ஸ்லோ, ஃபாப்ரிசியஸ் போட்ட தமிழ் அகராதிகள் எல்லாமே இருக்கின்றன. எனக்கு இணையத்தில் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

அந்தப் புத்தகத்தின் பெயரே ஒரு பாடம். முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழுப்பும் குரல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் ஹாப்சன் ஜாப்சன் என்று அவர்கள் ஊர்க் குடும்பப் பெயர்கள் மாதிரி விழுந்தது. தெரியாத ஓசை காதில் விழுந்தால் நாக்கு அதைத் தெரிந்த ஓசையாக மாற்றிக்கொள்ளும். நாமும் அதையே செய்தோம். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டி லனாய், இங்கே ஜனங்களுக்கு 'வலிய கப்பித்தான்'. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. ஐரோப்பியப் பட்டம் நம் வாயில் கப்பித்தான் ஆனது போலத்தான் இந்த நாட்டுச் சொல் அவர்கள் வாயில் பிளைட்டி ஆனது.

ஹாப்சன்-ஜாப்சனில் 'பிளைட்டி' என்று தேடினால் தலைச்சொல்லாக வராது. பலர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். விடாமல், ஓசையைக் கொஞ்சம் தளர்த்தித் தேடுங்கள்: 'ப'வுக்கு 'வ', நடுவில் விழுந்துபோன உயிரெழுத்தைத் திரும்பப் போட்டு, கடைசியை மாற்றி. 'பிலாயத்' என்று ஒரு தலைச்சொல் இருக்கிறது. பொருள்: ஐரோப்பா. மூலம் அரபியில் 'விலாயத்', அரசு, மாகாணம் என்று அர்த்தம், ஆப்கானியர் தங்கள் சொந்த நாட்டை இந்தப் பெயரால் சொல்வார்கள், இந்தியாவில் தூரத்து ஐரோப்பாவுக்கு ஆகிவந்தது என்று விளக்கம் போகிறது. அதற்குப் பக்கத்திலேயே 'பிலாயதி' என்ற பெயரடை. வெளியிலிருந்து வந்த பொருள்களுக்கு முன்னால் அதை ஒட்டிக்கொள்வார்களாம்: பிலாயதி பைங்கன் என்றால் தக்காளி, அதாவது சீமைக் கத்திரிக்காய். பிலாயதி பானி என்றால் சோடா.

இதைத்தான் முன்னால் சொன்னேன், நம் வீட்டு வேலியில் நிற்கிறது என்று. குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் ரப்பருக்கும் வாழைக்கும் இடையில் வேலியாக நடுகிற சீமைக்கொன்னையைப் பாருங்கள். கம்பை வெட்டிக் குத்தி வைத்தாலே துளிர்க்கும், கோடையில் இலை கொட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கும், தழையை வெட்டி உரமாகப் போடுவார்கள். மத்திய அமெரிக்காவில் இருந்து வந்த மரம் அது. நம்ம கொன்றை மாதிரி இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை, எனவே சீமைக்கொன்னை. சக்கை, அதாவது பலா மாதிரி இருக்கிறது, ஆனால் சக்கை இல்லை, எனவே சீமைச்சக்கை. சீமை எண்ணெய், சீமைச்சுண்ணாம்பு, சீமைக்கருவேலம், சீமைப்பசு. வடக்கே பிலாயதி செய்த வேலையை இங்கே சீமை செய்திருக்கிறது, கொஞ்சம்கூட மாறாமல்.

இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். சீமை என்பது சமஸ்கிருதத்தில் எல்லை. எல்லை என்பது எல்லைக்கு உட்பட்ட நிலமாகி, சிவகங்கைச் சீமை, ராமநாதபுரம் சீமை என்று ஓர் ஆட்சிக்குள் அடங்கிய பகுதியாகி, பிறகு கடலுக்கு அப்பால் நம்மை ஆள்கிறவனின் நாடாகி, கடைசியில் வெளியே இருந்து வந்த எதற்கும் முன்னொட்டாகி நின்றது. விலாயத் நடந்ததும் இதே பாதைதான்: ஆட்சி, ஆட்சிக்குட்பட்ட மாகாணம், நாடு, துரைமாரின் நாடு, வெளிநாட்டுச் சரக்கு. ஒரு சொல்லின் பொருள் இப்படி மாறியிருக்குமா என்று சந்தேகம் வந்தால், சம்பந்தமில்லாத இன்னொரு மொழியில் அதே மாற்றம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்திருந்தால் உங்கள் விளக்கத்துக்கு அது பெரிய பலம். அகராதிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள், நமக்கோ அது தாய்மொழியிலேயே கிடைத்துவிட்டது.

ஓமானில் வேலை பார்த்தவர்கள் நம் கடற்கரையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் எத்தனையோ பேர். அவர்களைக் கேட்டால் விலாயத் என்ற சொல்லுக்கு அகராதியே வேண்டாம். அங்கே ஆட்சிப் பிரிவுக்கு இன்றும் பெயர் விலாயத், சலாலாவும் ஒரு விலாயத், சோஹாரும் ஒரு விலாயத், அதன் அதிகாரிக்கு வாலி என்று பெயர். தக்கலை சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவை இறைநேசர் என்ற பொருளில் வலியுல்லாஹ் என்கிறோமே, அந்த வலியும், அதன் பன்மையான அவுலியாவும், இந்த வாலியும் விலாயத்தும் ஒரே அரபி வேரில் முளைத்தவை: நெருங்கி இருத்தல், காத்தல், பொறுப்பேற்றல் என்ற பொருளை ஒட்டிய வேர். ஆனால் வலிய கப்பித்தானின் 'வலிய' இதில் சேராது, அது நம்ம பக்கத்துச் சொல், பெரிய என்று அர்த்தம். ஓசை ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

பொருள் சரிப்பட்டுவிட்டது, ஓசை சரிப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். விலாயதியின் 'வ' வட இந்தியப் பேச்சில் 'ப' ஆகிறது, வங்காளம் வரைக்கும் அப்படித்தான். பிலாயதி. இங்கிலீஷ்காரர் அழுத்தத்தை 'லா'வில் போடுகிறார், முன்னால் இருக்கும் சின்ன 'இ' விழுந்துவிடுகிறது: ப்லாயதி. 'லாய' என்பது 'லை' என்று சுருங்குகிறது. நம் 'த' அவர்கள் நாக்குக்கு வராது, 'ட' தான் வரும். பிளைட்டி. ஒவ்வொரு படியும் அவர்கள் மற்றச் சொற்களிலும் செய்திருக்கிற மாற்றம்தான், எங்கேயும் தாவல் இல்லை. ஒரு எழுத்து எப்படி மாறியது என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகாதீர்கள்.

கடைசியாக, ஆட்கள். சொல் காற்றில் பறந்து வராது, ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தியாவில் வருடக் கணக்காகக் கிடந்த பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாய்கள் அரைகுறை இந்துஸ்தானி பேசினார்கள். 1914இல் போர் வந்ததும் அந்தப் பழைய பட்டாளத்துக்காரர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் கடையிலும் தொழிற்சாலையிலும் இருந்து நேற்றுச் சேர்ந்த பையன்கள் லட்சக்கணக்கில் வந்து நின்றார்கள். பழைய ஆள் பேசுகிற பாஷையைப் பேசினால் நாமும் பட்டாளத்துக்காரன் என்ற பெருமை. சொல் பரவியது அப்படித்தான். அதே 1914இல் இந்தியப் படைகளும் மார்செய் துறைமுகத்தில் இறங்கி அதே அகழிகளுக்குப் போயின, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். அவர்களுக்கு அந்த நாடு விலாயத், வேற்று நாடு. பக்கத்தில் கிடந்த பிரிட்டிஷ்காரனுக்கு அதே சொல் பிளைட்டி, சொந்த வீடு. அந்நிய நாடு என்று நாம் சுட்டிய சொல்லையே எடுத்து அவர்கள் தங்கள் வீட்டுக்குச் செல்லப் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சொல், பொருள், தேதி, ஓசை, ஆட்கள் எல்லாம் பொருந்தினால்தான் வேர் பிடிபட்டது என்று சொல்லலாம். ஒன்று இடித்தாலும் பொறுங்கள். இந்த இடத்தில் நம்ம ஆட்களுக்கு என்றே ஒரு எச்சரிக்கை: தமிழ் மாதிரி இருக்கிறதே என்று எதையும் தமிழுக்கு இழுக்காதீர்கள். இங்கிலீஷில் ரொக்கப் பணத்தைக் 'கேஷ்' என்கிறார்களே, அது காசு என்று எத்தனையோ பேர் மேடையிலேயே பேசிவிட்டார்கள். உண்மை இன்னும் சுவையானது. இங்கிலீஷில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் பழைய கேஷ் ஒன்று தனியாக இருக்கிறது, அது போர்த்துகீசியர் வாய்வழியாகப் போன நம்ம காசு. பாதி உண்மையை முழுதாக்கிச் சொன்னால் இருக்கிற பெருமையும் போய்விடும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று சந்தேகமே இல்லாமல் நம்மிடமிருந்து போனவை இருக்கின்றன, அவை போதும்.

மிளகுத்தண்ணி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளை மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் 'மல்' என்று கேலியாகக் கூப்பிட்டார்கள், மல்லிகடானியின் முதல் எழுத்துகள் அவை. ரசத்துக்கு அண்ணனான அந்தச் சூப்பை இவர்கள் விடாமல் குடிப்பார்கள் என்பதால். இது இன்று யார் வாயிலும் இல்லை, ஹாப்சன்-ஜாப்சன் மாதிரி அகராதிகளில்தான் கிடக்கிறது.

வார்டில் காதில் விழக்கூடிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சார்' என்றால் டீ, நம்ம சாயாக்கடைச் சாயாவின் உறவு. சீனத்தில் இருந்து 'சா' என்று கிளம்பியது ஒரு வழியாகவும் 'தே' என்று கிளம்பியது இன்னொரு வழியாகவும் உலகம் சுற்றின, குமரியில் சாயாவும் தேயிலையும் இரண்டுமே நம் வாயில் இருக்கின்றன. 'பக்கா' நமக்குத் தெரிந்த அதே பக்காதான். 'குஷி' என்று நாம் சொல்வதில் இருந்துதான் சுகமான வேலைக்கு அவர்கள் சொல்லும் 'குஷி' வந்தது என்பது அகராதிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது. 'டூலாலி' மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்துத் தேவ்லாலி. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் ஊர் திரும்பும் கப்பலுக்காக அங்கே முகாமில் காத்துக் கிடந்தார்கள், கப்பல் குளிர்காலத்தில்தான் வரும், வெயிலிலும் வெறுமையிலும் சிலருக்குப் புத்தி பிசகியது. முழு வழக்கு 'டூலாலி டாப்', அந்த டாப் காய்ச்சலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல், நம்ம தாபத்தின் உறவு.

இந்த டூலாலியை மட்டும் நீங்கள் உங்கள் வாயால் சொல்லாதீர்கள், அதுவும் ஆஸ்பத்திரியில். பெரியவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டால் சிரித்துக் கேட்டுக்கொள்ளலாம், மறதி நோயால் கஷ்டப்படுகிற ஒருவரை நர்ஸ் அப்படிச் சொன்னால் அது பெரிய தப்பு. பிளைட்டியை உற்சாகமாகப் பயன்படுத்தலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள், எங்கே கற்றாய் என்று கேட்பார்கள். 'கூலி' என்று யாராவது ஆளைச் சுட்டிச் சொன்னால் அது வசவு, வேர் எங்கே இருந்தாலும் வசவு, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, மேலதிகாரியிடம் சொல்லுங்கள். வேர் தெரிவது ஒரு சொல்லின் இன்றைய காயத்தை மாற்றாது.

இந்த முறையை அப்படியே திருப்பி நம்ம ஊர்ச் சொற்களுக்கும் போடலாம், போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். விளவங்கோட்டில் ஒரு சொல், தோவாளையில் ஒரு சொல், கடற்கரையில் வேறு சொல் என்று கொட்டிக் கிடக்கிறது, எழுதி வைக்கிற ஆள் குறைவு. 1879இல் ஜேம்ஸ் மரே என்ற ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகப் பொதுமக்களிடம் உதவி கேட்டார், அவர்கள் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள், அவற்றை அடுக்கிச் செய்த அகராதி 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்தது. அதே சீட்டு முறை நமக்கும் போதும். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். இப்படி:

சீமக்கொன்ன. 'அந்தச் சீமக்கொன்னக் கம்பு ரெண்டு வெட்டீட்டு வா மக்களே.' சொன்னவர் பெண், எழுபது வயதுக்கு மேல், தோட்ட வேலை. திருவட்டார் பக்கம். வேலி அடைக்கும்போது. கேட்ட தேதி.

மேலே சொல், நடுவில் வாக்கியம் அவர் உச்சரித்தபடியே, கீழே ஆள், இடம், நேரம். உங்கள் விளக்கத்தைச் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள், முன்பக்கத்தில் கலக்க வேண்டாம். பெரியவர்களிடம் கேட்கும்போது "சீமைன்னா இங்கிலாந்துதானே பாட்டி?" என்று கேட்டால் ஆமா என்றுதான் சொல்வார்கள், உங்களைச் சந்தோஷப்படுத்த. "இதை ஏன் பாட்டி சீமக்கொன்னன்னு சொல்லுகது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர் பேசட்டும். குமரியில் ஒரு சொல் தமிழ் லெக்சிகனில் இல்லை என்றால் 1872இல் வந்த குண்டர்ட்டின் மலையாள அகராதியையும் பார்த்துவிடுங்கள், பாதி அங்கே இருக்கும். 1956 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம்தானே. எழுதி வைக்கும் முன் அவர் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் ஊரும் வயதும் போதும். சீட்டுகளைப் போனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள், ஒரே இடத்தில் இருந்தால் கரையான் தின்றுவிடும்.